விறைத்த உடலும் வளையும் கலமும்: விண்கல இயக்கவியலின் மாதிரியுருக்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விஞ்ஞானக் கோட்பாடுகளை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றவில்லை. ஒரு கவிதையையோ நாவலையோ எடுத்துக்கொண்டு, அது எச்சூழலில் எழுந்தது, எவரது நிலையில் நின்று உலகைக் காண்கிறது, எவற்றைப் பேசாது விடுகிறது என்றெல்லாம் வினவப் பழகியுள்ள நாம், ஒரு சமன்பாட்டின் முன்னிலையில் அவ்வினாக்களை அடக்கிக்கொள்கிறோம். கணிதம் தூயது, எனவே அது விமர்சனத்துக்கு அப்பாற்பட்டது என்னும் எண்ணமே இதற்குக் காரணம். ஆயின் ஒரு கணிதத்தின் உள்ளிணக்கம் வேறு; உலகின் ஒரு கூற்றை அது எடுத்துரைக்கும் முறை வேறு. முன்னையதை நிறுவுதல் தருக்கத்தின் பணி. பின்னையதோ மனிதர் செய்யும் தெரிவு. தெரிவு உள்ள இடத்தில் விமர்சனத்துக்கும் இடமுண்டு.

வளையும் இயல்புடைய விண்கலங்களினதும், மூட்டுக்களால் இணைந்த பல்லுடற்றொகுதிகளினதும் இயக்கத்தை விளக்க எழுந்த மாதிரியுருக்களை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கடந்த எழுபதாண்டு வரலாற்றில் இத்துறை கண்ட பெரும் பிழைகளுள் மூன்று இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அவை மூன்றுக்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. கணிப்பிற் பிசகு நேர்ந்ததால் அவை விளையவில்லை. பிழையைத் தடுத்திருக்கக்கூடிய அறிவு ஏற்கனவே அயற்றுறையொன்றில் இருந்தது. அது வேண்டிய இடத்துக்கு வந்து சேரவில்லை. அவ்வாறு வந்து சேராமைக்கான காரணங்கள் கணிதத்தினுள் அடங்குவன அல்ல.

1. விறைத்த உடல் என்னும் கற்பிதம்

நமது உயர்தர வகுப்புகளில் நிலையியலையும் இயக்கவியலையும் பயின்ற எவரும் 'விறைத்த உடல்' என்னும் தொடரை அறிவர். எந்த இரு துணிக்கைகளுக்கிடையேயும் உள்ள தூரம் ஒருபோதும் மாறாத ஒரு பொருளே விறைத்த உடல். அத்தகைய பொருள் உலகில் எங்கும் இல்லை. எனினும் இக்கற்பிதத்தின் பயன் அளப்பரியது. கோடானுகோடி துணிக்கைகளின் இயக்கத்தை 6 கணியங்களாற் கூறிவிடலாம்: இருப்பிடத்துக்கு 3, திசைநிலைக்கு 3.

இக்கோட்பாட்டுக்கு முழுவடிவம் கொடுத்தவர் ஓயிலர். 1765இல் வெளிவந்த அவரது நூல் விறைத்த உடல்களின் சுழற்சியை ஒழுங்குற ஆராய்ந்தது. அதனைத் தூண்டியவை வெறும் மனப்பயிற்சிகள் அல்ல. பூமியின் அச்சு மெல்ல அசைவதன் காரணத்தை அறிதல் அக்கால வானியலின் தலையாய சிக்கல்களுள் ஒன்று. கடலில் ஆடும் கப்பலின் சமநிலையோ வணிகமும் கடற்படையும் ஒருங்கே எதிர்நோக்கிய பிரச்சினை. ஓயிலர் அது குறித்தும் 1749இல் ஒரு பெருநூலை வெளியிட்டார். 1788இல் லகிராஞ்சு சக்தியை அடிப்படையாகக் கொண்டு இயக்கவியல் முழுவதையும் மீள அமைத்தார். 1834இல் புவன்சோ சுழற்சிக்குக் கேத்திரகணித விளக்கம் தந்தார். இவ்வாறு நிறைவெய்திய கோட்பாடு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக ஐயத்துக்கு இடமின்றிப் போதிக்கப்பட்டது.

நிறைவெய்திய கோட்பாட்டுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதன் எடுகோள்கள் காலப்போக்கில் எடுகோள்களாகத் தோன்றாது, பொருளின் இயல்புகளாகவே தோற்றமளிக்கத் தொடங்கும். உலோகத்தாற் செய்த ஒரு கலம் 'இயல்பாகவே' விறைத்த உடல் என எண்ணுதல் இத்தகைய மயக்கமாகும்.

2. எக்ஸ்புளோறர் 1 தந்த பாடம்

1957 ஒக்ரோபர் 4ஆந் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செய்மதியை ஏவியதும், ஐக்கிய அமெரிக்காவில் அரசியல் நெருக்கடி ஒன்று உருவாயிற்று. இராணுவத்தின் ஏவுகணைத் திட்டத்தைச் சார்ந்து, மூன்று மாதங்களுக்கும் குறைவான காலத்திற் கட்டிமுடிக்கப்பட்ட எக்ஸ்புளோறர் 1, 1958 ஜனவரி 31ஆந் திகதி இரவு விண்ணேறியது. நீளம் ஏறத்தாழ 2 மீற்றர். விட்டம் ஏறத்தாழ 16 சென்றிமீற்றர். நிறை ஏறத்தாழ 14 கிலோகிராம். பென்சில் போன்ற இக்கலம் தன் நீளச்சைப் பற்றி நிமிடத்துக்கு 750 தடவை சுழலும்படி ஏவப்பட்டது. ஓயிலரின் சமன்பாடுகளின்படி அச்சுழற்சி உறுதியானது. மிகச் சிறிய சடத்துவத் திருப்பமுடைய அச்சைப் பற்றியோ, மிகப் பெரிய சடத்துவத் திருப்பமுடைய அச்சைப் பற்றியோ சுழலும் விறைத்த உடல் நிலைகுலையாது என்பது பாடநூல் முடிபு.

கலம் இம்முடிபுக்குக் கட்டுப்படவில்லை. சில மணி நேரத்துக்குள் அது தன் நீளச்சைப் பற்றிய சுழற்சியைக் கைவிட்டு, எறியப்பட்ட கம்பு உருள்வதுபோலக் குறுக்கச்சைப் பற்றித் தலைகீழாகப் புரளலாயிற்று. காரணம் கலத்தின் பக்கங்களில் நீட்டிக்கொண்டிருந்த நான்கு மெல்லிய அன்ரனாக் கம்பிகள். கலத்தின் சிறு தள்ளாட்டத்தோடு அவையும் வளைந்து நிமிர்ந்தன. வளையும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு சக்தி வெப்பமாகியது.

இதன் தருக்கம் எளியது. வெளியிலிருந்து திருப்புவிசை எதுவும் தாக்காதவிடத்துக் கோண உந்தம் மாறாது. ஆனால் சக்தி குறையலாம். ஒரே கோண உந்தத்தைப் பேணும்போது சுழற்சிச் சக்தி சடத்துவத் திருப்பத்துக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும். எக்ஸ்புளோறரை ஒருசீரான உருளையெனக் கொண்டு கணித்தால், அதன் குறுக்கச்சின் சடத்துவத் திருப்பம் நீளச்சினதைப் போல 100 மடங்குக்கும் மேற்பட்டது. ஆகவே நீளச்சைப் பற்றிய சுழற்சி, சக்தி மிகுந்த நிலை. குறுக்கச்சைப் பற்றிய புரளல், அதன் நூறிலொரு பங்குக்கும் குறைந்த சக்தியுடைய நிலை. சக்தியை இழக்க ஒரு வழி கிடைத்ததும் கலம் அந்நிலையை நோக்கிச் சரிந்தது. இக்கணக்கின்படி 750 சுழற்சிகள் ஏறத்தாழ 7 ஆகக் குறைதல் வேண்டும். இரு நூற்றாண்டுக் காலப் பாடநூல் முடிபைப் புரட்டியவை நான்கு கம்பிகளே.

இது வியப்புக்குரிய புதுமையா என்பதே விமர்சகன் எழுப்பவேண்டிய வினா. சக்தியை இழந்து சுழலும் திரள் தட்டையாகும் என்பது வானியலாளர் நன்கறிந்த ஒன்று. வாயுவும் தூசும் சுழன்று தட்டாகும் காட்சியை அவர்கள் எங்கும் காண்கின்றனர். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் வானொலி வானியலாளரான பிறேஸ்வெல், பின்னாளில் 1973இல் ஸ்கைலாப் நிலையத்தில் விண்வெளி வீரராகப் பணியாற்றிய கறியற்றுடன் இணைந்து, செயற்கைச் செய்மதிகளின் சுழற்சி பற்றிய இவ்விளக்கத்தை 1958இலேயே வெளியிட்டார். வெளியிலிருந்த ஒரு வானியலாளருக்கு அத்துணை விரைவிற் புலப்பட்ட உண்மை, கலத்தை அமைத்தவர்களுக்கு முன்கூட்டிப் புலப்படவில்லை. அவர்கள் திறமை குறைந்தவர் அல்லர். அவசரமும் இராணுவ மறைப்பும் சூழ்ந்த ஒரு வேலைத்தலத்தில், 'நாங்கள் எதனை விறைத்தது எனக் கொண்டுள்ளோம்' என்னும் வினாவை அயலாரிடம் வெளிப்படையாகக் கேட்கும் வாய்ப்பு அரிது.

எக்ஸ்புளோறர் 1 தோல்வியுற்றதென இதனாற் கொள்ளலாகாது. வான் அலனின் கருவி அதில் இருந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வலயங்களின் கண்டுபிடிப்பு அதிலிருந்தே தொடங்கிற்று. அவ்வெற்றியின் ஒளியில் இப்பாடத்தின் கூர்மை பலருக்கு மங்கியிருக்கவுங்கூடும்.

3. பல்லுடற்றொகுதிகளும் கணனியும்

1960களில் விண்கலங்கள் வளர்ந்தன. விரிந்த சூரியத் தகடுகள், நீண்ட கோல்கள், சுழலும் பகுதியும் சுழலாப் பகுதியுமாக இரண்டாகப் பிரிந்த உடல்கள் எனக் கலம் ஒரு தொகுதியாயிற்று. இத்தகைய தொகுதியின் இயக்கச் சமன்பாடுகளைக் கையால் எழுதி முடிப்பது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகத் தோன்றியது. 1965இல் ஹூக்கரும் மார்குலீசும், அடுத்த ஆண்டில் றொபேர்சனும் விற்றன்பேர்க்கும், மூட்டுக்களால் இணைந்த எத்தனை விறைத்த உடல்களுக்கும் பொருந்தக்கூடிய பொதுச் சமன்பாடுகளைத் தந்தனர். எவ்வுடல் எதனோடு இணைகிறது என்னும் செய்தியை மரக்கிளை போன்ற வரைபொன்றாற் குறித்துவிட்டால், எஞ்சியதைக் கணனி பார்த்துக்கொள்ளும். ஒரே முறைமை செய்மதிக்கும், பாரந்தூக்கிக்கும், மோட்டார் வண்டியின் சக்கர அமைப்புக்கும், எந்திரக் கைக்கும் பொருந்தியது. இயக்கவியல் வரலாற்றில் இது ஒரு பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

வளையுந்தன்மையையும் இதனுட் கொணர்வதற்கு 1970 அளவில் லிக்கின்ஸ் முதலியோர் 'கலப்பு ஆள்கூறுகள்' என்னும் வழியை விரித்துரைத்தனர். கலத்தின் நடுவுடல் விறைத்தது எனக் கொள்ளப்படும். அதன் பெரும் சுழற்சிகள் ஓயிலரின் வழியிற் கூறப்படும். தகடுகளும் கோல்களும் அதனோடு ஒட்டிய புறவுறுப்புகள். அவற்றின் சிறு வளைவுகள், வீணையின் நரம்புக்கு அடிப்படைச் சுரமும் மேற்சுரங்களும் உள்ளனபோல, சில அதிர்வு வடிவங்களின் கூட்டாகக் கூறப்படும். நடைமுறைக்கு இது மிகப் பொருத்தமான வழி. 1981இல் முதன்முறையாகப் பறந்த 15 மீற்றர் நீளமான கனடிய எந்திரக் கை பூமியில் தன் எடையைத் தானே தாங்கமாட்டாதது; அத்தகைய கருவியை விண்ணில் இயக்குவதற்கு முன்னரே கணனியில் இயக்கிப் பார்க்க முடிந்தமை, மாதிரியுருக்களின் வலிமைக்குச் சான்று.

எனினும், 'புறவுறுப்பு' என்னும் சொல்லைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். உடல் விறைத்தது, உறுப்பு வளைவது. உடலின் இயக்கம் முதன்மையானது, உறுப்பின் இயக்கம் அதன்மேற் சேர்க்கப்படும் சிறு திருத்தம் என்னும் வரிசை இச்சொல்லில் அடங்கியுள்ளது. வளையுந்தன்மை ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் விறைத்த உடலின் வீட்டில் அது விருந்தாளியாகவே ஏற்கப்பட்டது. அடுத்த பிழை இவ்வரிசையிலிருந்தே பிறந்தது.

4. 1.19க்கும் 1க்கும் இடையில்

ஒரு குடத்திற் பொருத்தப்பட்ட நீண்ட மெல்லிய கோலைக் கற்பனை செய்வோம். குடம் சுழலத் தொடங்குகிறது. கோல் சுழற்சித் தளத்திலேயே சிறிது பின்னோக்கி வளைகிறது. சுழற்சி விரைவாகும்போது கோல் மேலும் எளிதாக வளையுமா, அல்லது வளைய மறுக்குமா?

கவணைச் சுழற்றிய சிறுவனுக்கு விடை தெரியும். தொய்ந்து கிடக்கும் கயிறு, சுழற்றச் சுழற்ற விறைத்து நிற்கிறது. வெளிநோக்கிய இழுவை கோலையும் அவ்வாறே நிமிர்த்துகிறது. ஆனால் 1980களில் வழக்கிலிருந்த பல்லுடற் கணனி நிரல்கள் பல இதற்கு மாறான விடையைத் தந்தன. சுழற்சி வேகம் கோலின் இயல்பு மீடிறனைத் தாண்டியதும் கோல் எல்லையின்றி வளைந்துபோகும் என அவை கூறின.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்பது கவனத்துக்குரியது. கோல் பக்கவாட்டில் வளையும்போது அதன் நுனி குடத்தை நோக்கி மிகச் சிறிதளவு நெருங்குகிறது. இந்நெருக்கம் வளைவின் வர்க்கத்துக்கு விகிதமானது. வளைவு சிறியது எனின், அதன் வர்க்கம் மிக மிகச் சிறியது. சிறியவற்றின் வர்க்கத்தை விலக்கிவிடுதல் பொறியியலாளரின் அன்றாட வழக்கம். எனவே நிரல்களை எழுதியோர் இந்நெருக்கத்தைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டு, பின்னர் வேகத்தையும் சக்தியையும் கணித்தனர். ஆனால் வெளிநோக்கிய இழுவையோ பெரியது. அவ்விழுவைக்கு எதிராக நுனி உள்நோக்கி நகர்வதற்கு வேலை செய்யவேண்டும். அவ்வேலையே கோலை விறைக்கச் செய்கிறது. சிறு நெருக்கமும் பெரும் இழுவையும் பெருகித் தரும் உறுப்பு, சமன்பாட்டில் எஞ்சியிருக்கும் ஏனைய உறுப்புகளுக்கு ஒத்த அளவினது. பெருக்குவதற்கு முன்னரே நெருக்கத்தை விலக்கிவிட்டவர்களுக்கு இவ்வுறுப்பு கிடைக்க வழியில்லை.

அளவிலும் இதனைக் காணலாம். ஒருசீரான கோல் குடத்தின் மையத்திலிருந்தே தொடங்குகிறது எனக் கொள்வோம். அதன் முதல் அதிர்வு வடிவத்தில், வெளிநோக்கிய இழுவை அளிக்கும் விறைப்பு, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தின் ஏறத்தாழ 1.19 மடங்கு. சுழற்சித் தளத்தில் நிகழும் வளைவுக்கு, அதே சுழற்சி கோலைத் தள்ளி வளைக்கும் விளைவும் உண்டு. அதன் அளவு வேக வர்க்கத்தின் சரியாக 1 மடங்கு. எஞ்சுவது 0.19. கோல் எவ்வேகத்திலும் உறுதியாக நிற்பது இந்த 0.19இனாலேயே. முன்னைய உறுப்பை இழந்த நிரலிலோ எஞ்சுவது கழித்தல் 1. அளவு சற்றுப் பிசகியது என இதனைக் கூற இயலாது, குறியே தலைகீழாகிவிட்டது. உறுதியான தொகுதி உறுதியற்றதாகக் காட்டப்பட்டது.

1987இல் கேன், றையன், பானர்ஜி ஆகிய மூவரும் சுழலும் அடித்தளத்திற் பொருத்திய கோல் பற்றி வெளியிட்ட ஆய்வு இக்குறைபாட்டை ஐயத்துக்கிடமின்றி வெளிப்படுத்தியது. கோலின் நீட்சியையே ஆள்கூறாகக் கொண்டு, நெருக்கத்தைச் சரியான கட்டம்வரை பேணி, அதன்பின்னரே சிறியவற்றை விலக்கும் வழியை அவர்கள் காட்டினர். எதனை விலக்குவது என்பதைப் போலவே எப்போது விலக்குவது என்பதும் முக்கியமானது என்பதே அவ்வாய்வின் சாரம்.

இந்த விறைப்பாக்கம் 1987இற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. விமான உந்தித் தகடுகளின் அதிர்வை ஆராய்ந்த சௌத்வெல்லும் கோவும், சுழற்சியோடு மீடிறன் எவ்வாறு உயர்கிறது என்பதை 1921இலேயே எளிய சூத்திரமாகத் தந்திருந்தனர். விமானப் பொறியியலாளரும் ஹெலிகொப்ரர் வடிவமைப்பாளரும் அறுபதாண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் பயன்படுத்திய அறிவு, அதே தொழிற்றுறையின் இன்னொரு கிளையில் எழுதப்பட்ட நிரல்களுள் நுழையவில்லை. உந்தித் தகட்டை ஆராய்ந்தவர் வளையும் பொருளிலிருந்து தொடங்கினார். விண்கலத்தை ஆராய்ந்தவர் விறைத்த உடலிலிருந்து தொடங்கி, வளைவைப் பின்னர் சேர்த்தார். தொடங்கிய இடமே முடிவைத் தீர்மானித்தது.

மறுபக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். எல்லா விண்கலங்களும் விரைந்து சுழல்வன அல்ல. 1992இல் பாடில்லாவும் வொன் புளொட்டோவும் இவ்விவாதத்தை மீளாய்ந்து, மெல்ல இயங்கும் தொகுதிகளுக்கு எளிய வழியே போதுமானது என்பதையும், எவ்வெல்லைக்குள் அது செல்லும் என்பதையும் தெளிவுபடுத்தினர். இது நியாயமான திருத்தம். ஆனால் இத்திருத்தம் மூல விமர்சனத்தை வலுவிழக்கச் செய்யவில்லை. எல்லையை அறிந்து எளிமையை ஏற்பவன் வேறு. எல்லை உண்டென்பதையே அறியாது ஏற்பவன் வேறு.

5. சூரியன் தந்த உலைவு

மூன்றாவது எடுத்துக்காட்டு பலரும் பெயரளவில் அறிந்த ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி. 1990 ஏப்பிரல் 24ஆந் திகதி ஏவப்பட்ட அதன் முகக்கண்ணாடியின் குறைபாடு உலகறிந்த செய்தி. அதனோடு தொடர்பற்ற இன்னொரு குறைபாடும் இருந்தது என்பதைச் சிலரே நினைவுகூர்வர். ஐரோப்பிய விண்வெளி முகவரகம் வழங்கிய, ஏறத்தாழ 12 மீற்றர் நீளமான, சுருட்டி விரிக்கும் சூரியத் தகடுகள் மெல்லிய உலோக நீள்கோல்களாற் தாங்கப்பட்டிருந்தன. கலம் பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கும், வெயிலிலிருந்து நிழலுக்கும் நகரும் ஒவ்வொரு முறையும், கோலின் ஒருபுறம் மறுபுறத்திலும் விரைவாகச் சூடேறியது அல்லது குளிர்ந்தது. கோல் வளைந்தது, தகடு ஆடியது, தொலைநோக்கி நடுங்கியது. ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு வில்செக்கன், அதிலும் 0.007 பங்குக்குள் அசையாது நிற்கவேண்டிய கருவி அது. ஏறத்தாழ 96 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் கலத்துக்கு இந்நடுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நேர்ந்தது.

கட்டுப்பாட்டு விதிகளைத் திருத்தி நடுக்கத்தை ஓரளவு தணித்தனர். 1993 டிசெம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று, நீள்கோல்களுக்கு வெப்பக் கவசமிட்ட புதிய தகடுகளைப் பொருத்தினர். 2002இல் அவையும் அகற்றப்பட்டுச் சிறிய, விறைப்பான தகடுகள் இடம்பெற்றன.

இங்கும் அதே வினா எழுகிறது. திடீரெனச் சூடேறும் கோல் அதிரும் என்பதை 1956இலேயே போலி என்பார் கணித்துக் காட்டியிருந்தார். 1967இல் ஏவப்பட்ட ஓஜீஓ 4 என்னும் ஆய்வுச் செய்மதியின் நீண்ட அன்ரனாக் கோல் சூரிய வெப்பத்தால் அதிர்ந்தமை பதிவாகியிருந்தது. வெப்பத்தை ஆராய்பவர் ஒருபுறமும், இயக்கத்தை ஆராய்பவர் மறுபுறமுமாக வேலை பிரிந்திருக்கையில், இரண்டுக்கும் நடுவே விளையும் விளைவு எவரது பொறுப்பிலும் விழாது போகக்கூடும். தொழிற்பிரிவினை உற்பத்தியைப் பெருக்குகிறது. அதனோடு பிரிவுகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத இடைவெளிகளையும் பெருக்குகிறது.

6. எவர் வாசிப்பது, எவர் திருத்துவது

மூன்று எடுத்துக்காட்டுகளையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகும். வானியலாளரின் அறிவு செய்மதி அமைத்தோரை எட்டவில்லை. உந்தித் தகட்டு ஆய்வாளரின் அறிவு நிரல் எழுதியோரை எட்டவில்லை. 1956இன் கணிப்பும் 1967இன் பதிவும் 1990இன் கலத்தைக் காக்கவில்லை. அறிவு இருந்தது, அது நடமாடவில்லை. இராணுவ மறைப்பு, துறைப் பிரிவினை, நிரல்களின் மூடிய தன்மை என்பன அந்நடமாட்டத்தைத் தடுக்கவல்ல சமூகக் காரணிகள். இவற்றைக் கணிதத்தால் மட்டும் நீக்க இயலாது.

விண்கலத்துறைக்கு இதில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. பாலத்தைக் கட்டுபவர் அதன்மீது பாரமேற்றிப் பார்க்கலாம். விண்ணில் மட்டும் விரிந்து நிற்கக்கூடிய மெல்லிய தகட்டைப் பூமியின் ஈர்ப்பில் முழுமையாகச் சோதித்தல் அரிது. ஆகவே ஏவும் நாள்வரை மாதிரியுருவே பெரும்பாலும் சாட்சி, அதுவே நீதிபதி. அத்தகைய அதிகாரம் பெற்ற ஒன்று திறந்த பரிசீலனைக்கு உட்படாதிருப்பது ஏற்கத்தக்கதன்று. ஒரு நிறுவனத்தின் நிரலை விலைகொடுத்து வாங்குபவருக்கு விடை கிடைக்கும். எவ்வுறுப்பு எக்கட்டத்தில் விலக்கப்பட்டது என்பது கிடைப்பதில்லை. மூடிய நிரலுள் ஒரு 1.19 தொலைந்திருப்பின், அதனை வாங்கியவர் எவ்வாறு அறிவார்?

இது வல்லரசுகளின் விண்வெளித் திட்டங்களோடு முடியும் விவகாரமென ஒதுக்குவதற்கும் இடமில்லை. சுழலும் கோலின் சமன்பாடு காற்றாலைத் தகட்டுக்கும் உரியது. 2020இன் இறுதியில் தொடக்கிவைக்கப்பட்ட மன்னார்த் தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள் ஒவ்வொன்றும் 126 மீற்றர் விட்டத்திற் சுழல்கின்றன. கோபுரம், குடம், வளையும் மூன்று தகடுகள் என அமைந்த ஒவ்வொரு காற்றாலையும் ஒரு பல்லுடற்றொகுதியே. எந்திரத்தைப் பிறரிடம் வாங்கும் நாடு, அதன் மாதிரியுருவை வாசித்து வினவக்கூடியோரைத் தன்னிடம் கொண்டிராவிட்டால், விற்பவரின் சொல்லை மட்டுமே நம்பவேண்டியிருக்கும். பயன்படுத்தும் அறிவுக்கும் விமர்சிக்கும் அறிவுக்கும் உள்ள வேறுபாடு இங்கு பொருளாதார வேறுபாடாக மாறுகிறது.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான எம்பிடைன், விஸ்கொன்சின், பார்மா பல்கலைக்கழகங்களைச் சார்ந்து வளர்ந்த குரோனோ போன்ற பல்லுடற் கணிப்பு நிரல்களின் மூலவடிவம் எவரும் வாசிக்கத்தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ இருக்கும் ஒரு மாணவன், மாணவி அவற்றைத் தரவிறக்கி, சுழலும் கோலை அமைத்து, வேகத்தைப் படிப்படியாக உயர்த்தி, மீடிறன் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தாமே காணலாம். பொறியியல் மாணவர்க்கு இப்பயிற்சி கட்டாயமாக்கப்படுதல் நன்று. சமன்பாட்டைத் தீர்க்கக் கற்பிக்கும் பாடத்திட்டம், அதில் விடுபட்ட உறுப்பைத் தேடவும் கற்பித்தல் வேண்டும்.

விறைத்த உடலை நிராகரிப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. கற்பிதங்கள் இன்றி விஞ்ஞானம் இல்லை; ஓயிலரின் கற்பிதம் மனித சிந்தனையின் உயர்ந்த ஆக்கங்களுள் ஒன்று. கற்பிதம் என்பதை மறந்த கற்பிதமே ஆபத்தானது. ஒவ்வொரு மாதிரியுருவும் தான் விலக்கியவற்றின் பட்டியலையும், அவ்விலக்கு செல்லுபடியாகும் எல்லையையும் தன்னோடு வெளியிடவேண்டும். அதனை வாசிக்கவும் மறுக்கவும் அயற்றுறையாருக்கும், நிரலை வாங்கும் நாட்டாருக்கும் உரிமை இருத்தல் வேண்டும். எக்ஸ்புளோறரின் நான்கு கம்பிகளைக் கலத்தின் படத்தை நோக்கிய எவரும் கண்டிருக்கலாம். அவற்றைக் கணக்கிற் சேர்க்கவேண்டுமெனச் சொல்வதற்கு உரியவர் அவ்வேளையில் அவ்விடத்தில் இருக்கவில்லை. அவரை அங்கு இருக்கச் செய்வதற்கான ஏற்பாடும் இயக்கவியலாளரின் பொறுப்பில் அடங்கும்.